ஆளுமைக்கு மூன்று புள்ளி

அன்புள்ள மகனுக்கு,

இந்தக் கடிதத்தில் உனக்குச் சொல்ல இருப்பவை:

1. நீ அனுப்பிய ஆய்வுகளை நான் வாசித்த விதம். எந்தச் சந்தேகம் தீர்ந்தது, எது தீரவில்லை.
2. கொழும்பில் எனக்கு நடந்த ஒன்று. அதை உனக்குச் சொன்னதில்லை.
3. நான் இன்னொருவருக்குச் செய்த ஒன்று. அதை வீட்டில் ஒருவருக்குமே சொன்னதில்லை.
4. வேலைக்கு ஆள் எடுப்பவர்களோடு இதைப் பற்றி எப்படிப் பேசலாம் என்று என் புத்திக்கு எட்டியது.
5. உன் பெயரிலிருந்து என் பெயரை ஏன் நீ எடுக்கக்கூடாது.

எண் போட்டிருப்பதைப் பார்த்து நீ சிரிப்பாய். வகுப்பிலும் கரும்பலகையின் இடது மூலையில் அன்றைய பாடத்தை இப்படித்தான் எழுதிவைப்பேன், நடுவில் தடுமாறினால் திரும்பிப் பார்ப்பதற்கு. முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்தும் அந்தத் தடுமாற்றம் என்னை விட்டுப் போகவில்லை. இந்தக் கடிதத்தில் எங்கேயோ ஓரிடத்தில் தடுமாறுவேன் என்று இப்போதே தெரிகிறது. பேனாவால் எழுதுகிறேன். எதையும் முதலில் பென்சிலால் எழுதும் ஆள் ஏன் இதைப் பேனாவால் எழுதுகிறான் என்பது மூன்றாவதில் வரும்.

உனக்கும் எனக்கும் கடைசியாக நடந்த பேச்சை நான் மறக்கவில்லை. தைப்பொங்கல் கழிந்த மறுநாள், நீ ரொறொன்ரோவிலிருந்து தொலைபேசி எடுத்தாய். ஒரு கம்பனிக்கு உன் முழுப் பெயரோடு விண்ணப்பம் அனுப்பியதாகவும், பதில் இல்லை என்றும், சில கிழமைகள் கழித்து அதே விண்ணப்பத்தைப் பெயரின் பின்பாதியை வெட்டிவிட்டு அதே கம்பனிக்கு அனுப்பியதாகவும் சொன்னாய்.

"அப்பா, அதே படிப்பு, அதே அனுபவம். ஒரு எழுத்துக்கூட மாத்தேல்லை. ரெண்டாம் நாளே கூப்பிடுறாங்கள்."

"ஒருக்கா நடந்ததை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது. முதல்தரம் வேறை ஆள் பார்த்திருக்கலாம். இல்லாட்டி விண்ணப்பத்திலை ஏதும் குறை இருந்திருக்கும்."

"குறை இருந்தால் அது ரெண்டாந்தரம் எங்கை போச்சு?"

"தம்பி, எல்லாத்துக்கும் இனத்தைச் சாட்டப் பழகாதை."

"சரி அப்பா. நீங்கள் மேசையின்ரை எந்தப் பக்கத்திலை இருக்கிறியள் எண்டு விளங்கிட்டுது" என்று சொல்லிவிட்டு வைத்தாய். நீ கோபத்தில் சொன்ன வார்த்தை அது. எவ்வளவு சரியான வார்த்தை என்று உனக்குத் தெரியாது. அடுத்த நாள் அந்த ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. 'ஒண்டு இல்லை அப்பா, வாசிச்சுப் பாருங்கோ' என்று ஒரு வரி. பிறகு என்னோடு பேசவில்லை. அம்மாவுக்கு மட்டும் எடுத்தாய். ஆவணியில் கலியாணப் பதிவு என்றும், அதற்கு முன்பு கடைசிப் பெயரைச் சட்டப்படி மாற்றப்போகிறாய் என்றும், அப்பாவுக்கு ஆட்சேபனை இருந்தால் எழுத்தில் தரட்டும் என்றும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். எழுத்தில் தருகிறேன்.

கட்டுரைகளை ஊர்காவற்துறைச் சந்தியில் தாளில் அச்சடித்து எடுத்து, வரிக்குக் கீழே அடிமட்டம் வைத்து வாசித்தேன். முறை எளியது. ஆய்வாளர்கள் இல்லாத ஆட்களை உண்டாக்குகிறார்கள். படிப்பு, அனுபவம், திறமை எல்லாவற்றையும் சமமாக வைத்து, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் தயாரிக்கிறார்கள். உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அவற்றை அனுப்பிவிட்டு எந்தப் பெயருக்கு அழைப்பு வருகிறது என்று எண்ணுகிறார்கள். இதை ஒரு நாட்டில் அல்ல, பல நாடுகளில், ஒரு தடவை அல்ல, பல தடவை செய்திருக்கிறார்கள். அந்த நாட்டு ஆட்களின் பெயருக்கு அழைப்பு கூடுதல். வெளியிலிருந்து வந்தவர்களின் பெயருக்குக் குறைய. இடைவெளியின் அளவு மாறுகிறது, திசை அநேகமாக மாறுவதில்லை. பிழை பிடிக்கவேண்டும் என்ற ஆசையோடுதான் வாசித்தேன் என்பதை ஒளிக்கமாட்டேன். தாளின் ஓரமெல்லாம் ஆட்சேபனை எழுதினேன். படிப்பில் வித்தியாசம் இருந்திருக்கலாமே என்று எழுதினேன்; இரண்டும் ஒரே படிப்பு. ஆங்கிலம் போதாது என்று பயந்திருப்பார்களோ என்று எழுதினேன். உள்ளூரில் படித்ததாக, உள்ளூரில் வேலை செய்ததாகப் போட்டும் இடைவெளி முற்றாக மூடவில்லை என்பது நாலு பக்கம் தள்ளி இருந்தது. பெயர் இனத்தை மட்டுமா சொல்லும், வசதியையும் வறுமையையும் சேர்த்துச் சொல்லாதா என்று எழுதினேன். அது தீரவில்லை, ஆய்வாளர்களே அதை ஒத்துக்கொள்கிறார்கள். அழைப்பு வேறு, வேலை வேறு. இந்த ஆய்வுகள் படலையோடு நின்றுவிடுகின்றன, உள்ளே கதிரையில் இருத்தி என்ன செய்கிறார்கள் என்று அவற்றால் பார்க்க ஏலாது. அதுவும் தீரவில்லை. அந்த உள்பக்கத்தைப் பற்றி உனக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஆள் நான்.

கடைசி ஆட்சேபனையை நான் பெரிதாக நம்பியிருந்தேன். சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிப் பேசும், ஒரு ஆளைப் பற்றிப் பேசாது. உன் விண்ணப்பம் பெயருக்காகத்தான் ஒதுக்கப்பட்டது என்று எந்த ஆய்வும் நிரூபிக்காது. கணக்காகப் பார்த்தால் இது சரி, இப்போதும் சரி. ஆனால் அதை எழுதி முடித்து அடிமட்டத்தை எடுக்கும்போதுதான் விளங்கியது, இந்த அநியாயத்துக்கு உள்ள வசதியே அதுதான் என்று. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு நல்ல காரணம் கிடைக்கும். செய்தவன் அந்தக் காரணத்தோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான். பட்டவன் தனக்குள் இருக்கும் குறையைத் தேடிக்கொண்டிருப்பான். கட்டுக் கட்டாகத் தாள்களை அடுக்கிப் பார்க்கும்போதுதான் கை தெரிகிறது. கட்டு உன்னிடம் இருந்தது. நான் ஒற்றைத் தாளைப் பிடித்துக்கொண்டு உன்னோடு வாதாடினேன்.

ஒற்றைத் தாளைப் பிடித்துக்கொண்டு வாதாட நான் பழகியது கொழும்பில். பல்கலைக்கழகம் முடித்த வருடம், அங்கே ஒரு காப்புறுதிக் கம்பனியில் கணக்குப் பகுதிக்கு ஆள் எடுத்தார்கள். எழுத்துப் பரீட்சை வைத்தார்கள். என்னோடு விடுதியில் இருந்த ஒரு சிங்கள நண்பனும் எழுதினான். நல்ல பையன். பரீட்சைக்கு முன் இரண்டு கிழமை அவனுக்கு நான்தான் நிகழ்தகவு சொல்லிக்கொடுத்தேன். அழைப்பு அவனுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. அவன் என் அறைக்கு வந்து கட்டிலில் இருந்து, "இது எப்பிடி மச்சான்? உன்னட்டைப் படிச்சுத்தானே நான் எழுதினனான்" என்று கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் ஆங்கிலம் அவ்வளவு காணாது என்று அவனுக்கு ஆறுதல் சொன்னேன். அவனுக்கு நான் சொன்ன ஆறுதல் அது. பிறகு அதை நானே நம்பிவிட்டேன். ஊருக்கு, கரம்பொன்னுக்குத் திரும்பி வந்த பிறகும் வருடக்கணக்காகக் கிணற்றடியில் ஆங்கிலப் பத்திரிகையை உரத்து வாசித்தேன். நீ சின்னனில் அதைக் கேட்டு நடித்துக்காட்டுவாய், எல்லோரும் சிரிப்பார்கள். நான் ஏன் வாசிக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மறுப்புக் கடிதம்கூட வராத இடத்துக்கு நான் அரைவாசி ஆயுள் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அது இனத்துக்காகத்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை 'என்னில்தான் குறை' என்று மாற்றி எழுதிக்கொண்டது என் கோழைத்தனம். அந்தக் கோழைத்தனத்தை அடக்கம் என்று பெயரிட்டு உனக்கும் படிப்பித்தேன். உனக்கு அழைப்பு வராத மாதங்களில் இங்கே ஆட்கள் விசாரித்தபோது, "அவன்ரை இன்ரவியூ கொஞ்சம் சரியில்லைப்போலை" என்று சொன்னவன் நான்தான். உன்னை இன்ரவியூவுக்கே ஒருவரும் கூப்பிடவில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

இனி மூன்றாவது. இதை எழுதத் தொடங்கி மூன்று தரம் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

போரில் ஊரை விட்டுப் போன சனம் எங்கள் தீவுக்குத் திரும்பி வந்து குடியேறிய காலம். இங்கே ஒரு கூட்டுறவுச் சங்கத்தை மறுபடி திறந்தார்கள். கணக்கும் கடிதமும் எழுத இலிகிதர் ஒருவர் தேவை. தெரிவுக் குழுவில் தலைவர், இன்னொரு அங்கத்தவர், நான். ஒழுங்கானவன் என்று பெயர் எடுத்ததால் என்னைச் செயலாளராகப் போட்டார்கள். புள்ளித் தாளை நானே கோடு கீறித் தயாரித்தேன். எழுத்துப் பரீட்சை, கல்வி, அனுபவம், கடைசி நிரலில் ஆளுமை. ஆளுமைக்குப் பத்துப் புள்ளி. வந்தவர்களில் ஒரு பெண் பிள்ளை எழுத்தில் எல்லோரையும் விட முன்னுக்கு நின்றாள். கூட்டல் கழித்தலில் ஒரு வெட்டுக்கொத்து இல்லை. கையெழுத்து அச்சுப்போல. கிளிநொச்சிப் பக்கம் வளர்ந்து, இங்கே ஒரு கடற்தொழிலாளியைக் கலியாணம் கட்டி வந்தவள். நேர்முகத்திலும் தலையை நிமிர்த்தித் தெளிவாகப் பதில் சொன்னாள். நான் ஆளுமைக்கு எட்டுப் போட்டேன், பென்சிலால். பிறகு வழக்கம்போலச் சான்றிதழ்களைச் சரிபார்த்தோம். எங்கள் நாட்டுப் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பனின் இனம், தாயின் இனம் என்று இரண்டு இடம் இருக்கிறது, உனக்குத் தெரியும். எங்கள் பத்திரங்களில் அங்கே 'இலங்கைத் தமிழர்' என்று இருக்கும். அவளுடையதில் இரண்டு இடத்திலும் 'இந்தியத் தமிழர்' என்று இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் இருந்து கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்த குடும்பம்.

அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தலைவர் பத்திரத்தை என் பக்கம் தள்ளினார்.

"மாஸ்ரர், பெட்டை கெட்டிக்காரிதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் இது தோட்டக்காட்டு ஆக்கள் எல்லே."

"பரீட்சையிலை அவதான் முதல்" என்றேன். அவ்வளவுதான் நான் செய்த எதிர்ப்பு.

"முதல் வந்தால் வரட்டும். நாளைக்குச் சனம் அங்காலை இஞ்சாலை கதைக்கும். எங்கடை பெடியள் வேலை இல்லாமல் நிக்கேக்கை இதென்ன எண்டு கேப்பினம். நீங்கள் படிச்ச ஆள், உங்களுக்கு நான் சொல்லவேணுமே?"

மற்ற அங்கத்தவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் என்னை வெருட்டவில்லை. ஒன்றைச் செய்யச் சொல்லக்கூட இல்லை. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் அழிறப்பரை எடுத்து ஆளுமையில் இருந்த எட்டை அழித்து மூன்று என்று எழுதினேன். அந்த ஐந்து புள்ளி போதுமாக இருந்தது. இரண்டாவதாக நின்ற பையன் முன்னுக்கு வந்தான். கூட்டுத்தொகையை இரண்டு தரம் சரிபார்த்தேன், கணக்கில் பிழை வரக்கூடாது என்பதற்காக. பிறகு எல்லாவற்றையும் பேனாவால் எழுதிக் கையொப்பம் வைத்தேன். தலைவர் இப்போது உயிரோடு இல்லை, அவர்மேல் எல்லாவற்றையும் போட்டுவிடுவது சுலபம். ஆனால் அழித்த கை அவருடையது அல்ல. அவளில் எனக்கு வெறுப்பு எதுவும் இருக்கவில்லை, இனம் என்று கூட அந்த நேரம் நினைக்கவில்லை. சங்கடம் வரக்கூடாது என்று நினைத்தேன். உன் விண்ணப்பத்தை ஒதுக்கிவைத்த அந்தக் கம்பனி ஆளும் அநேகமாக என்னைப்போல ஒரு ஒழுங்கான, பயந்த, வீட்டில் நல்ல பெயர் எடுத்த ஆளாகத்தான் இருப்பான். இது அவனுக்காக நான் கேட்கும் மன்னிப்பு அல்ல. அவனை எனக்குத் தெரியும் என்கிறேன், அவ்வளவுதான்.

உன் கட்டுரைகளை முடித்த கிழமை அவளைத் தேடிப் போனேன். குறிகட்டுவான் துறையடியில், நயினாதீவுப் படகுக்கு நிற்கும் சனத்துக்குத் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறாள். வங்களாவடியில் பஸ் மாறிப் போய், ஒரு தேத்தண்ணி குடித்தேன். வந்த விசயத்தைச் சொல்லாமல் காசைக் கொடுத்தேன். மற்றச் சனத்தோடு படகில் ஏறி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். பத்து நாள் கழித்து மறுபடி போனேன், மறுபடி படகில் ஏறினேன். அம்மா நினைத்தாள் நான் உனக்காக நேர்த்தி வைத்திருக்கிறேன் என்று. மூன்றாந்தரம் நான் வாங்குப் பலகையில் இருந்ததும் அவளே கிளாசை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"மாஸ்ரர், மூண்டாந்தரம் வாறியள். என்ரை தேத்தண்ணி அவ்வளவு திறம் இல்லை. என்ன விசயம், சொல்லுங்கோ."

"என்னை நினைவிருக்கோ?"

"இல்லாமல்? சங்கத்து இன்ரவியூவிலை நடுக் கதிரையிலை இருந்தனீங்கள். அப்ப மூக்குக்கண்ணாடி வேறை."

நான் சொன்னேன். எட்டையும் மூன்றையும் சொன்னேன். பத்திரத்தில் இருந்த சொல்லையும் சொன்னேன். அவள் கிளாஸ் கழுவிக்கொண்டே கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகு, "அது எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றாள்.

"ஆரும் சொன்னவையோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. பத்திரத்தைத் திருப்பித் தரேக்கை நீங்கள் என்ரை முகத்தைப் பாக்கேல்லை. உள்ளை வரேக்கை பாத்துச் சிரிச்ச மனுசன்."

நான் ஒன்றை அறிய விரும்பினேன். என்னைப்போல அவளும் வருடக்கணக்காகக் கிணற்றடியில் நின்று தன்னைத் திருத்திக்கொண்டிருந்தாளா என்று. "அதுக்குப் பிறகு உங்களிலை ஏதும் குறை இருக்கெண்டு யோசிச்சனீங்களோ?" என்று கேட்டேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"நான் ஏன் யோசிக்கவேணும்? பேப்பரிலை என்ன எழுதினனான் எண்டு எனக்குத் தெரியும்தானே. குறை உங்களிலை எண்டுதான் யோசிச்சனான்."

"மன்னிப்புக் கேக்க வந்தனான் பிள்ளை."

"கேளுங்கோ."

கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள், சரி என்றோ சரியில்லை என்றோ அதில் இருக்கவில்லை. "என்ரை மகள் கம்பசிலை படிச்சு முடிச்சிட்டாள். இப்ப விண்ணப்பம் போடுறாள்" என்றாள். "தகப்பன்ரை இனம் உங்கடை ஆக்கள். தாயின்ரை இனம் எண்ட இடத்திலை அதே சொல்லுத்தான் கிடக்கு. ஆர் எந்த இடத்தைப் பாப்பினமோ தெரியாது." இதை எழுதி ஊர் நலன்புரிச் சங்கத்து ஆண்டு மலருக்கும் கொடுக்கப்போகிறேன், உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "உங்கடை கதையை நீங்கள் எழுதுங்கோ. என்ரை பேரைப் போடாதேங்கோ, பிள்ளை வேலைக்குப் போடுற நேரம்" என்றாள். அதற்குள் நயினாதீவிலிருந்து படகு வந்து கட்டியது. "சனம் வருது, எழும்பி இடம் விடுங்கோ மாஸ்ரர்." எழும்பினேன். அன்றைக்கு அம்மனிடம் போகவில்லை. பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

இந்தக் கடிதத்தின் ஒரு பிரதி மலருக்குப் போவதற்குக் காரணம், இது உனக்கு மட்டும் சொல்லி முடிக்கும் விசயம் அல்ல என்பதுதான். அன்றைக்கு அந்த வேலையை எடுத்த பையன் வாசிக்கக்கூடும். வாசிக்கட்டும். அவனில் பிழை இல்லை, ஆனால் தன்னுடைய கூட்டுத்தொகை எப்படி வந்தது என்று அவன் அறியலாம். உன் பெயரையும் என் பெயரையும், அவளுடைய கடை இருக்கும் இடத்தையும் அதில் எடுத்துவிடுகிறேன். ஆனாலும் நான் யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது பயமாகத்தான் இருக்கிறது.

நாலாவது சுருக்கம். நீ நாளைக்கு மேசையின் இந்தப் பக்கத்துக்கு வரக்கூடும், அப்போது நாலு பேரை இருத்தி இதைப் பற்றிப் பேசவேண்டி வரும். ஆய்வைக் கொண்டுபோ. அதை அவர்களுடைய முகத்தில் எறியாதே. 'நீங்கள் இனம் பார்க்கிறீர்கள்' என்று தொடங்கினால் ஒவ்வொருவரும் தன் மனதைத் துழாவிப் பார்ப்பார், அங்கே வெறுப்பு இருக்காது, ஆகவே நீ பொய் சொல்கிறாய் என்று முடிவுகட்டுவார். என் மனதைத் துழாவியிருந்தாலும் அன்றைக்கு ஒன்றும் அகப்பட்டிருக்காது. மனதைக் கேட்காதே, தாளைக் கேள். முதல் வாசிப்பில் பெயரை மறைக்க முடியுமா என்று கேள். எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்களா என்று கேள். ஆய்வு சொல்வதைக் கூட்டிச் சொல்லாதே. தீராத சந்தேகங்களை நீயே முதலில் சொல்லிவிடு, அப்போது தீர்ந்தவற்றை மறுக்க அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் நல்ல முறை இருந்தால் எல்லாம் சரிவரும் என்றும் நம்பிவிடாதே. என்னிடம் முறை இருந்தது, கோடு கீறிய தாள் இருந்தது. ஆளுமை என்று ஒரு நிரலும் இருந்தது. எதை அளக்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாத அந்த நிரலை எங்கே கண்டாலும், 'இதற்குள் என்ன போடுகிறீர்கள்' என்று கேள். எட்டை அழித்து மூன்று போட இடம் கிடைப்பது அங்கேதான்.

ஐந்தாவதற்கு வருகிறேன். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. கனடாவில் படிவத்தை நிரப்பும்போது கடைசிப் பெயர் என்ற பெட்டியில் நீ என் பெயரை எழுதினாய். உன் பெயர் சின்னன், எவருக்கும் வாயில் வரும். அவர்களுக்குத் தடக்கியது என் பெயர். பதில் வராத ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அவர்கள் தள்ளிவைத்தது என்னை என்று நினைத்து நினைத்து நான் கசந்துபோனேன். ஆகவே என் ஆட்சேபனையை இப்படி எழுத இருந்தேன்: பிழை அவர்களுடையது, ஏன் நீ மாறவேண்டும்? எங்களைப் போன்ற பெயர் உள்ள எல்லோரும் பெயரை மறைத்தால், எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது, நடந்தது நடக்கவில்லை என்று ஆகிவிடும். நானும் கொழும்பில் பெயரை மாற்றவில்லை, தலை நிமிர்ந்து ஊருக்கு வந்தேன். இதையெல்லாம் நேற்றுப் பின்னேரம் குசினி வாசலில் நின்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஒண்டு கேக்கட்டோ?" என்றாள். "உங்களைக் கட்டேக்கை நான் என்ரை அப்பாவின்ரை பேரை விட்டிட்டு உங்கடை பேரைத்தானே போட்டனான். அப்ப எனக்கு ஒருத்தரும் கடிதம் எழுதேல்லையே. அஞ்சு விசயத்தோடை."

"அது வழக்கம்."

"ஓம், வழக்கம். என்ரை அப்பாவும் மனுசன்தான். பேரிலை அவருக்கும் ஆசை இருந்திருக்கும். நீங்கள் அவரட்டைக் கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. துருவலைச் சட்டியில் தட்டிவிட்டு அவள் இன்னொன்று சொன்னாள். "கொழும்பிலை இருந்து வந்தவுடனை பள்ளிக்கூடத்திலை உங்களுக்கு எப்பிடி வேலை கிடைச்சது எண்டதையும் அவனுக்கு எழுதுங்கோ. மற்ற எல்லாம் எழுதுறியள்தானே."

எழுதுகிறேன். அது ஒரு தனியார் பாடசாலை. அதிபர் என் சான்றிதழ்களைத் திறக்கவே இல்லை. "ஆற்றை மகன்?" என்று கேட்டார். அப்பாவின் பெயரைச் சொன்னேன். "அட, அவரின்ரை மகனோ, நாளைக்கே வாரும்" என்றார். என்னோடு இன்னும் இரண்டு பேர் வெளியே வாங்கில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடாமலே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று எனக்குத் தெரியாது. என்னை விடக் கெட்டிக்காரர்களா என்றும் தெரியாது, ஒருவரும் பார்க்கவில்லை. என் பெயருக்குக் கொழும்பில் ஒரு நாள் கதவு திறக்காமல் விட்டது, அதை ஆயுள் முழுக்கச் சுமந்தேன். இங்கே என் பெயர் ஆயுள் முழுக்கக் கதவுகளைத் திறந்துவிட்டது, அதை நான் ஒரு நாளும் எண்ணவில்லை. பெயரை மாற்றாமல் இருந்ததற்கு நான் கொடுத்த விலை ஒன்றும் இல்லை. விலை கொடுக்காத ஒரு பெருமையை உன்னுடைய செலவில் வைத்திருக்கப் பார்த்தேன். நீயும் விட்டுவிட்டால் என் பெயரைச் சொல்ல ஒரு ஆள் இருக்காது என்ற பயமும் அதில் இருந்தது. அதை ஒரு காரணம்போல எண் போட்டு எழுதிவிட்டேன்.

நீ பெயரை மாற்றுவதால் அவர்கள் செய்தது சரியாகிவிடாது. புதுப் பெயருக்கு அவர்கள் சிரித்துக்கொண்டு கதவைத் திறக்கும்போது உனக்கும் கசக்கும், எனக்கும் கசக்கும். ஆனால் அந்தக் கசப்பை உள்ளே ஒரு கதிரையில் இருந்துகொண்டு அனுபவி. துறையடி வாங்கில் இருந்து அல்ல.

முதல் தாளை மாற்றி நாலு விசயத்தோடு எழுதச் சொல்கிறாள் அம்மா. மாற்றவில்லை. அன்றைக்கு அழித்ததுபோல இதை அழிக்கக்கூடாது என்றுதான் பேனாவால் எழுதினேன். என்ன எழுதினேன், எங்கே பிழைத்தேன் என்று நீ பார்க்கவேண்டும். எனக்கு ஆட்சேபனை இல்லை. புதுப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி அனுப்பு, கடித உறையில் பிழை இல்லாமல் எழுதவேண்டும்.

ஐந்தாவதாக நான் எழுதியது பிழை.

அப்பா